கென்யாவின் ரத்த வங்கிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: கென்யாவுக்கு ரத்த வங்கி நடத்த வெளிநாட்டு உதவி ஏன் தேவைப்பட்டது?

ப: முன்பு ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தேவையைத் தானே பார்த்துக்கொண்டது. உறவினர்கள் ஓடிவந்து ரத்தம் கொடுப்பார்கள். அவசரத்தில் பரிசோதனை விட்டுப்போகும். 1994-ல் சில அரசு மருத்துவமனைகளில் எடுத்த கணக்குப்படி, ஏற்றிய ரத்தத்தில் சுமார் 2 சதவீதம் எச்.ஐ.வி.யைக் கடத்தியிருக்கும். பிழைக்க வந்த நூறு பேரில் இரண்டு பேருக்கு!

1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியில் அமெரிக்கத் தூதரகத்தில் குண்டு வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்க உதவியோடு தேசிய ரத்த சேவை உருவானது. நைரோபி, மொம்பாசா, கிசுமு என்று மண்டல மையங்கள் வந்தன. 2004 முதல் பெப்ஃபார் எனும் அமெரிக்க எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தின் பணமும் சேர்ந்தது.

கே: அவ்வளவு பணமும் இயந்திரத்துக்கா போகிறது?

ப: இயந்திரம் ஒரு தடவைச் செலவு. ஒரு பையைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஊசியோடு வரும் அந்தப் பிளாஸ்டிக் பையே காசு. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் என்று நாலு சோதனைக்கும் கிட் வேண்டும். கிராமத்து முகாமிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து மையத்துக்குக் கொண்டுவர வண்டி, டீசல், டிரைவர். பிறகு 2 முதல் 6 டிகிரிக்குள் வைத்திருக்க மின்சாரம். இத்தனைக்குப் பிறகும் 35 நாளில் காலாவதி. அடுத்த பைக்கு மறுபடி முதலிலிருந்து. உதவி செய்பவர்கள் கட்டடம் திறக்க வருகிறார்கள். எனக்குக் கவலையெல்லாம் ஐந்தாம் வருஷம் கிட் வாங்கப்போவது யார் என்பதில்தான்.

கே: சொந்தக்காரர் ரத்தம்தானே பாதுகாப்பானது?

ப: இல்லை. "அண்ணன் உயிருக்குப் போராடுகிறான், நீ கொடுக்க மாட்டாயா?" என்று கேட்டால் யார் தன் நோயைச் சொல்வார்கள்? தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் சோதனையிலும் அது தெரியாது. யாரும் வற்புறுத்தாமல், திரும்பத் திரும்பக் கொடுப்பவரின் ரத்தமே நம்பகமானது. கென்யாவில் அப்படிக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி மேல்நிலைப் பள்ளி மாணவர்கள்.

கே: உதவி நின்றபோது என்ன ஆனது?

ப: 2019-ல் பெப்ஃபார் பணம் நின்றது. அரசு அந்தச் செலவைச் சரியான நேரத்தில் ஏற்கவில்லை. பைக்கும் கிட்டுக்கும் தட்டுப்பாடு வந்தது. குடும்பங்கள் சமூக ஊடகங்களில் ரத்தம் கேட்டு அலைந்தன. 2020-ல் கொரோனாவால் பள்ளிகளும் மூடின. அங்கே மலேரியாவால் ரத்தம் சுண்டிப்போய், உள்ளங்கை வெளுத்து வருகிற குழந்தைகள் ஏராளம். அப்படிப்பட்ட குழந்தை காத்திருக்கும் நேரம் மணிக்கணக்கு, நாள்கணக்கு அல்ல. இருபது வருஷ உழைப்பு இப்படித் தடுமாறியதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

கே: உதவியை ஒழுங்காகப் பயன்படுத்திய நாடு உண்டா?

ப: இலங்கை. ஜப்பான் கடனுதவியில் நாரஹேன்பிட்டவில் தேசிய ரத்த மையம் எழுந்தது. 2014-ல் முழுக்கத் தன்னார்வ ரத்ததானத்தை எட்டினார்கள்.

கே: வேலைக்காக நைரோபி போகிறேன். அங்கே ரத்தம் கொடுக்கலாமா?

ப: தாராளமாக. வயது 16 முதல் 65-க்குள், எடை 50 கிலோவுக்குமேல் இருந்தால் சரி. எப்போதாவது மஞ்சள் காமாலை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம், முடிந்தால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் போங்கள். பள்ளி விடுமுறை மாதங்கள் அவை, மாணவர்களிடமிருந்து ரத்தம் வராது.