ரசீதுதான் காட்டிக்கொடுத்தது

கேள்வி: எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தின் பிரசாரகர் டிமோத்தி லியரியின் காகிதங்களை நியூயார்க் பொது நூலகம் 9 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதாமே! போதைக்கு இவ்வளவு மரியாதையா?

பதில்: ஆமாம், 2011-இல். மொத்தம் 335 பெட்டிகள். ஆனால் மரியாதை எங்கே வந்தது? கொலை வழக்குக் கட்டைப் பத்திரப்படுத்தும் கோர்ட்டு கொலைகாரனுக்கா மாலை போடுகிறது?

இந்த வரலாற்றை அழிக்கப் பார்த்தது யார் தெரியுமா? அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.! 'எம்.கே. அல்ட்ரா' என்று பெயரிட்டு 1953 முதல், என்ன கொடுக்கிறார்கள் என்றே தெரியாதவர்களுக்கும் எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார்கள். 1973-இல் இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் உத்தரவிட, கோப்புகள் ஒழிந்தன. வரவு செலவுப் பிரிவின் பெட்டிகள் மட்டும் வேறு கிடங்கில் கிடந்ததால் தப்பின. 1977-இல் அவை அகப்பட்டதும் 149 துணைத் திட்டங்கள் அம்பலம். தொடர்புடைய நிறுவனங்கள் 80, அவற்றில் 44 கல்லூரி, பல்கலைக்கழகங்கள்! சோதனைக் குறிப்பு போயிற்று, ரசீது பேசிற்று. பழைய பில்லைக் குப்பை என்று கழிக்காத ஆவணக் காப்பாளர்தான் என் கட்சி.

நூலகத்துக்குச் செலவு வாங்குவதோடு முடிவதில்லை. அந்தக் காலத்துப் பேச்செல்லாம் ஒலிநாடாவில் இருக்கிறது. அது காகிதத்தைவிடச் சீக்கிரம் கெடும். சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பக்கவாட்டில் ஒளி கசிவது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நாடா. வினிகர் நாற்றம் வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது: குளிர்ந்த அறையில் தனியே வைத்து உடனே நகலெடுக்க வேண்டும். ஒளி கசியாதது பாலியெஸ்டர் என்ற வேறு பிளாஸ்டிக். 1970, 80-களின் பாலியெஸ்டர் நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து, கருவியில் ஒலியைப் படிக்கும் தலையில் அப்பிக்கொள்ளும். வெப்பம் சீராக நிற்கும் பெட்டியில் சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் வைத்து, ஆறவிட்டு ஓட்டுவார்கள். பலன் சில வாரம்தான். அதற்குள் நகல் முடிய வேண்டும். அசிடேட்டை ஆள் மாற்றி அந்தப் பெட்டிக்குள் வைத்தால் தீர்ந்தது, சுருங்கி வளைந்துவிடும்.

வாங்கியதையெல்லாம் உடனே திறந்து காட்டவும் முடியாது. சிகிச்சையாக எல்.எஸ்.டி. பெற்றவர்களின் மருத்துவமனைக் குறிப்புகளுக்கு அமெரிக்கச் சட்டக் காவல், அவர்கள் இறந்து 50 ஆண்டு வரை உண்டு. 2000-இல் இறந்தவரின் கோப்பென்றால், பெயரோடு பார்க்க 2050 வரை பொறுங்கள்.