பெட்டிக்குள் கிடந்த போர் மெடல்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பட்டாளத்தில் இருந்த என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு நட்சத்திர மெடல்களும் இரண்டு வட்ட மெடல்களும் இருந்தன. எதிலும் அவர் பெயர் இல்லை. அவருடையவைதான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: பெயர் இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். இரண்டாம் உலகப்போரின் நட்சத்திரங்களையும் வார் மெடலையும் பிரிட்டிஷ் அரசு பெயர் பொறிக்காமலே வழங்கியது. பெயர் பொறித்துக் கொடுத்த நாடுகள் என்று ஆஸ்திரேலியாவையும் தென்னாப்பிரிக்காவையும் சொல்லலாம்.

நட்சத்திரத்தின் நடு வளையத்தில் அதன் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். '1939-45 ஸ்டார்' என்றால் தரைப்படையில் பொதுவாக ஆறு மாதப் போர்முனைப் பணி. 'ஆப்பிரிக்கா ஸ்டார்' 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரைக்கும், 'இத்தாலி ஸ்டார்' 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரைக்கும், 'பர்மா ஸ்டார்' 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரைக்கும் உரியவை. வட்ட மெடலைத் திருப்பிப் பாருங்கள். இரட்டைத் தலை டிராகன் மேல் சிங்கம் நின்றால் அது வார் மெடல். 28 நாள் பணியே அதற்குப் போதும். பின்புறத்தில் இந்திய வரைபடம் புடைத்திருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். இந்தியப் படையில் இருந்து, உள்நாட்டிலேயே மூன்று ஆண்டு பணியாற்றியவர்களுக்கு உரியது.

அடுத்து, இந்த நான்கும் ஒருவருக்கே கிடைத்திருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் (பசிபிக் போர்முனைக்கான நட்சத்திரம்) ஒருவருக்குச் சேர்ந்து கிடைக்காது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து, மற்றதன் பெயர் கொண்ட சிறு பட்டையை ரிப்பனில் சேர்த்தார்கள். டிபென்ஸ் மெடலும் (பாதுகாப்புப் பணிக்கான இன்னொரு வட்ட மெடல்) இந்தியா சர்வீஸ் மெடலும் அப்படியே, ஏதாவது ஒன்றுதான். இந்த ஜோடிகளில் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், தாத்தாவின் அண்ணன் தம்பியோ மைத்துனரோ பட்டாளத்தில் இருந்தாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இரண்டு பேர் மெடல்கள் ஒரே பெட்டியில் கலந்துபோவது நடக்கிற விஷயம்தான். மலேயா, சிங்கப்பூர் சண்டையில் 1942 பிப்ரவரி 15-க்குள் இருந்தவருக்குப் பசிபிக் ஸ்டார்தான் உரியது. அவர் ஜப்பானியரிடம் கைதியாகியிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

எந்தப் போர்முனை என்பதை மெடல் சொல்லிவிடும். எந்த ரெஜிமென்ட் என்பதற்குக் காகிதங்கள் வேண்டும்.

கேள்வி: அந்தக் காகிதங்களை எங்கே தேடுவது?

பதில்: முதலில் வீட்டில். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், சீருடையில் எடுத்த போட்டோவின் பின்பக்கம், மெடல் வந்த அட்டைப்பெட்டி, எல்லாவற்றையும் பாருங்கள். நீங்கள் தேட வேண்டியது சர்வீஸ் நம்பர். ஒரே ரெஜிமென்டில் பத்து முனுசாமி இருப்பார்கள். அந்த நம்பர் ஒருவருக்குத்தான். போட்டோ மட்டும் இருந்தால் தொப்பி பேட்ஜையும் தோள்பட்டை எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள், ரெஜிமென்ட் தெரிந்துவிடும்.

சிப்பாய் முதல் ஹவில்தார் வரையிலான பழைய பணிப் பதிவுகளுக்கு அந்தந்த ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். கடிதத்தில் நம்பர், பதவி, பெயர், தகப்பனார் பெயர், ஊர், பணியிலிருந்து விடுபட்ட ஆண்டு இவற்றை எழுதி, உறவுக்கான சான்றின் நகலை இணையுங்கள். மூலத்தை அனுப்பவே கூடாது. 1947-க்கு முந்தைய இந்திய ராணுவ அதிகாரிகளின் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் நினைவுச் சின்னங்களில் இருக்கும். ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருப்பதால் ஆளை உறுதி செய்ய முடியும். தேடல் தோற்பது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலால்தான். மாவட்டத்தை அக்காலத்து ஆங்கில எழுத்தில் கொடுங்கள்: டின்னவெலி (Tinnevelly), டிரிச்சினாபொலி (Trichinopoly), டாஞ்சோர் (Tanjore), நார்த் ஆர்காட் (North Arcot). பெயரில் 'சாமி' இருந்தால் அதன் மூன்று நான்கு ஆங்கில வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வார் மெடல் என்ன வீரச் செயலுக்காகக் கிடைத்தது என்ற விவரம் எங்கே இருக்கும்?

பதில்: அப்படி ஒரு குறிப்பு கிடையாது. வார் மெடலும் நட்சத்திரங்களும் பணியாற்றிய எல்லோருக்கும் உரியவை. ஆனால் வார் மெடலின் ரிப்பனில் வெண்கல ஓக் இலை இருந்தால் விடாதீர்கள். அவர் பெயர் போர்க்கள அறிக்கையில் பாராட்டப்பட்டிருக்கிறது. அதுவும், இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல், மிலிட்டரி மெடல் போன்ற வீர விருதுகளும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் அறிவிக்கப்பட்டன. கெஜட்டில் பெரும்பாலும் பெயரும் நம்பரும் படைப்பிரிவும்தான் இருக்கும். நடந்த சம்பவம் வேண்டுமானால் பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 373 (WO 373) வரிசையில் பரிந்துரைப் படிவத்தைத் தேடுங்கள்.

கேள்வி: கறுத்துப்போன மெடல்களைப் பளபளப்பாக்கலாமா?

பதில்: வேண்டாம். புளி, விபூதி, பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் மேற்பரப்பை அரிக்கும். விபூதியும் பாலிஷும் அரசரின் முகத்தில் உள்ள நுண்கோடுகளைத் தேய்த்துவிடும். போன கோடு திரும்ப வராது. மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பி.வி.சி. உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு படியும். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். அமிலமற்ற காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல்லுடன் ஒரே பெட்டியில் வையுங்கள். பங்கு பிரிக்கும்போது ஆளுக்கொரு மெடலாகப் பிரித்துவிடாதீர்கள். பெயரில்லாத மெடலை அந்த மனிதரோடு சேர்த்து வைத்திருப்பது அந்தத் தொகுப்பு மட்டுமே.

கேள்வி: சேகரிப்புக்காக முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் வார் மெடல் வாங்க எண்ணம். விளிம்பில் உள்ள பெயர் பிற்பாடு மாற்றப்பட்டதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். அதன் விட்டம் 36 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள். பழைய பெயரை அரத்தால் ராவியிருந்தால் அந்தப் பக்கம் அளவு குறையும். பிறகு பத்து மடங்கு லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். அச்சால் அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில் சீராக இருக்கும். கையால் செதுக்கியதில் உளி போன தடம் தெரியும். மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் போலி என்று ஒதுக்காதீர்கள். படைக்காகக் கூலி வேலை செய்த சில தொழிலாளர் பிரிவினருக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். புற ஊதா விளக்கில் ரிப்பன் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது பிற்காலத்து ரிப்பன். ரிப்பன் கிழிந்து மாற்றுவது சகஜம், அதை மட்டும் வைத்து மெடலைத் தள்ள வேண்டியதில்லை.