தவணைக்கும் ஒரு விதி

அன்புள்ள ஐயா,
மேல் நீதிமன்ற நீதிபதிகளுக்கு மீற முடியாத நடத்தை விதிகள் வேண்டும் என்று ஒரு கருத்தரங்கில் பேசினோம். தன் முன் வாதாடும் சட்டத்தரணி வீட்டுக் கலியாணத்துக்கு நீதிபதி போகலாமா என்பதிலேயே பாதி நேரம் போனது. அமெரிக்க உயர் நீதிமன்றமே ஒரு நடத்தைக் கோவையை ஏற்றுவிட்டதே என்றேன். விதியை அமுலாக்க ஆள் வைத்தால் சுயாதீனம் போய்விடும் என்றார் ஒரு மூத்த சட்டத்தரணி. உங்கள் கருத்து?
சட்ட மாணவன், கிளிநொச்சி

தம்பி,
கலியாணத்துக்குப் போகாமல் விட்டால் குடி முழுகாது. அமெரிக்காவையும் விடும். 2023 நவம்பரில் ஒன்பது பேரும் கையெழுத்து வைத்தார்கள். மீறினால் எங்கே முறையிடுவது என்று மட்டும் எழுதவில்லை.

அவ்வளவு தூரம் போன உமக்கு, சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த நம்மூர் வீரமந்திரியின் பெயர் நினைவுக்கு வரவில்லையா? நீதிபதிகளின் நடத்தை பற்றிய பெங்களூர் கோட்பாடுகள் 2002இல் முழுமை பெற்றன. அவற்றை வரைந்த நீதிபதிகள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்த மனிசன்தான். அதன் ஆறாவது கோட்பாட்டைத் திறந்து பாரும். ஒத்திவைத்த தீர்ப்பை நியாயமான விரைவோடு தருவதும் நீதிபதியின் கடமைக்குள் வருகிறது. இதைப் பேசினீர்களா?

என் பெரியம்மாவின் காணி வழக்கு மேன்முறையீட்டில் ஒரு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். வாதம் முடிந்து, எழுத்துச் சமர்ப்பணமும் கொடுத்தாகிவிட்டது. பிறகு தவணைக்கு மேல் தவணை. இருட்டோடு எழும்பி, காணி உறுதியை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பா. "இண்டைக்குத் தீர்ப்பாமடா" என்பா. பெயர் கூப்பிடுவார்கள், அடுத்த திகதி சொல்லுவார்கள். காரணம் சொல்ல ஒருவரும் இல்லை. சட்டத்தரணிக்கு அன்றைக்கும் காசு. நீதிபதியோ ஒருவர் வீட்டிலும் தேத்தண்ணிகூடக் குடிக்காதவராம்; உங்கள் கருத்தரங்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார். தீர்ப்பு எழுதாமலே மாற்றலாகிப் போனார். புதியவர் முன்னால் வாதம் முதலிலிருந்து தொடங்கியது. பெரியம்மா அந்தக் காணியில் திரும்பக் கால் வைக்காமலே போய்ச் சேர்ந்தா.

காணி கிடக்கட்டும். 2009 மேயில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களைத் தேடி வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் போட்டது 2013இல். சிலவற்றுக்குக் கட்டளை வந்தது 2022 டிசம்பரில். பழியைத் தனியொரு நீதிபதியின் தலையில் கட்ட நான் வரவில்லை; படைத்தரப்பும் இழுத்தடித்தது. ஆனால் ஆளைத் தேடும் மனு ஏன் இவ்வளவு காலம் கிடந்தது என்று எழுத்தில் பதில் சொல்ல எந்த விதி யாரைக் கட்டாயப்படுத்துகிறது, சொல்லும் பார்ப்போம்.

சுயாதீனம் பற்றி அந்த மூத்தவர் வன்னிக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. குருந்தூர்மலையில் விகாரை கட்டியது பற்றிய வழக்கைக் கேட்ட முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டம்பரில் உயிர் அச்சுறுத்தல் என்று எழுதிவைத்துப் பதவியை விட்டு, நாட்டையும் விட்டுப் போனார். 2013 ஜனவரியில் பாராளுமன்றத்தை வைத்துப் பிரதம நீதியரசரையே வெளியேற்றினார்கள். ஆகவே அரசியல்வாதி கையில் கோலைக் கொடுக்காதே என்றால் சரி, நானும் அந்தப் பக்கம்தான். அமுலாக்க ஆளே கூடாது என்றால் அது வெறும் சாட்டு. அரசியலமைப்பின் 111ஆம் உறுப்புரைப்படி மேல் நீதிமன்ற நீதிபதி மீது ஒழுக்காற்று அதிகாரம் ஏற்கெனவே ஜனாதிபதிக்கு இருக்கிறது, நீதிச்சேவை ஆணைக்குழுவின் பரிந்துரையோடு. அந்த ஆணைக்குழுவில் இருப்பவர்கள் பிரதம நீதியரசரும் இரண்டு உயர் நீதிமன்ற நீதியரசர்களும். இவ்வளவு காலமும் போகாத சுயாதீனம், தீர்ப்புக்கு ஒரு நாட்கணக்கு வைத்தால் மட்டும் போய்விடுமா?

வாதம் முடிந்தால் இத்தனை நாளுக்குள் தீர்ப்பு. தவறினால் காரணத்தைத் திறந்த மன்றில் சொல்ல வேணும். முறையிட்டவருக்கு முடிவு எழுத்தில், அவருடைய மொழியில் போக வேணும். கேட்டு முடித்த வழக்குகளுக்குத் தீர்ப்பு எழுதாமல் மாற்றலாகக் கூடாது. அப்படிப் போனவரின் பெயர் மேன்முறையீட்டு நீதிமன்றப் பதவியுயர்வுக்குப் போகாது என்றும் சேருங்கள். இதைக் கொண்டுபோய் அந்த மூத்தவரிடம் காட்டி, என்ன சொல்கிறார் என்று எழுதும்.