‘ஜோன் பிரிக்கிற வேலை’ என்று மகள் சொன்னால் பயப்பட வேண்டுமா?

சார், மகள் ஏரோநாட்டிகல் முடித்துப் பெங்களூரில் சேர்ந்து சில மாதம் ஆகிறது, டிசைன் கொடுப்பார்கள் என்று பார்த்தால் ‘ஜோன் பிரிக்கிற வேலை’யில் போட்டுவிட்டார்கள், விட்டுவிட்டு இன்னொரு கேட்டியா (கம்ப்யூட்டரில் பாகங்களை டிசைன் செய்கிற சாஃப்ட்வேர்) கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோர்ஸ் வேண்டாம். வேலையையும் இப்போதைக்கு விட வேண்டாம்.

பெரிய பயணிகள் விமானத்தின் முழு கம்ப்யூட்டர் மாடலில் லட்சக்கணக்கான பாகங்கள் இருக்கும். அத்தனையையும் ஒன்றாகத் திறந்தால் எந்த சிஸ்டமும் திணறும். அதனால் இடவாரியாக ஜோன்களாகப் பிரித்து, தேவையான பகுதியை மட்டும் திறக்கிறார்கள். மெயின்டனன்ஸ் மேனுவல்களில் இதே யோசனை எண்களாக இருக்கிறது: 100 உடலின் கீழ்ப்பாதி, 200 மேல்பாதி, 300 வால், 400 இன்ஜின், 500 இடது இறக்கை, 600 வலது இறக்கை, 700 லேண்டிங் கியர் (சக்கரப் பகுதி), 800 கதவுகள். டிசைன் பிரிவில் கம்பெனிக்குக் கம்பெனி பிரிப்பு மாறும்.

கேட்கும்போது பெட்டி போடுகிற வேலை மாதிரித்தான் இருக்கும். நீளவாக்கில் எங்கிருந்து எங்கே, நடுக்கோட்டுக்கு இடம் வலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கொடுத்தால் அந்தப் பெட்டிக்குள் வருகிற பாகங்களின் பட்டியல் வந்துவிடும், முடிந்தது. ஆனால் இறக்கை பின்பக்கம் சாய்ந்தது. நேரான பெட்டி போட்டால் பக்கத்து உடற்பகுதியும் சேர்ந்து வந்துவிடும். பெட்டியையே சாய்த்துப் போட வேண்டும். ஹைட்ராலிக் குழாய் ஒன்று இரண்டு ஜோன்களைத் தாண்டி ஓடுகிறது என்று வையுங்கள். ‘முழுசாக உள்ளே இருப்பதை மட்டும் எடு’ என்று தேடினால் அது இரண்டு பட்டியலிலுமே வராது. ஒரு பாகம் இன்னொன்றை இடிக்கிறதா என்று பார்க்கிற மோதல் சோதனையின் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், குழாய் மட்டும் ஒயர்க் கற்றையை இடித்துக்கொண்டிருக்கும். சக்கரம் இன்னும் தொல்லை: மாடலில் இருப்பது ஒரு நிலை, மடங்கும்போது அது வீசிப் போகிற இடம் வேறு.

ஒன்றோடொன்று பொருந்துமா என்பதைக் கம்ப்யூட்டரிலேயே சரியாகப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்பஸ் கம்பெனியின் ஏ380 விமானம் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருந்த அவர்கள் பிரிவில் கேட்டியாவின் பழைய வெர்ஷன், பிரான்ஸில் துலூஸில் புதியது. 2006-இல் ஒயர்கள் விமானத்துக்குள் பொருந்தவில்லை, டெலிவரி தள்ளிப்போனது. அப்பேர்ப்பட்ட கம்பெனிக்கே!

ஒரு விஷயத்தில் உங்கள் கவலை நியாயம்தான். பட்டியலை எடுத்து எக்செல்லில் ஒட்டி அனுப்புவதோடு நின்றால் மகள் அங்கேயே தேங்கிவிடுவார். மோதல் ரிவ்யூ மீட்டிங்கில் உட்கார அனுமதி கேட்கச் சொல்லுங்கள். குழாய் நகர வேண்டுமா ஒயர் நகர வேண்டுமா, யார் விட்டுக்கொடுப்பது என்ற சண்டை அங்கேதான் நடக்கும். டிசைன் படிப்பதற்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது, ஃபீஸும் இல்லை. பிறகு ஒரு ஜோனையாவது தன் பொறுப்பில் கேட்டு வாங்கட்டும். அடுத்த அப்ரைசலில் ‘சிஸ்டம்ஸ் இன்ஸ்டலேஷன் (குழாய், ஒயர்களை எங்கே எப்படிப் பொருத்துவது என்று பார்க்கிற பிரிவு) பக்கம் மாற்றுவீர்களா’ என்று டீம் லீடிடம் நேராகவே கேட்கலாம். ஒன்றரை வருடம் கழித்தும் பட்டியல்தான் என்றால் எழுதுங்கள், வேறு கம்பெனி பார்ப்பதைப் பற்றி அப்போது பேசுவோம்.