எட்டு மாதமாகியும் ஞானஸ்நானம் இல்லை: பதில்

சகோதரன், சாவகச்சேரியில் எட்டு மாதம் வேதபாடம் நடத்தியும் நாலு பெடியளில் ரெண்டு பேர்தான் மிச்சம், ஒருவரும் ஞானஸ்நானம் கேட்கவில்லை, நிப்பாட்டவோ என்று எழுதியிருந்தீங்கள். நிப்பாட்டாதேங்கோ. இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி வங்காளம் வந்தது 1793இல்; அவரது ஊழியத்தின் முதல் வங்காள விசுவாசி கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில், ஏழு வருஷம் கழிச்சு.

முக்கால் மணித்தியாலம் நீங்களே பேசுவதுதான் எனக்கு உறுத்துது. மாற்கு சுவிசேஷத்தைக் கிழமைக்கு அரை அதிகாரமாக எடுங்கோ. 16 அதிகாரம், 32 கிழமை. அவர்களே வாசித்து, வேதத்தை மூடிவைத்து, தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். பிறகு ஒரே கேள்வி: இந்தக் கிழமை இதில் எதைச் செய்யப்போறீர்? அடுத்த பாடத்தை அந்த மறுமொழியிலிருந்து தொடங்குங்கோ. அதைக் கேட்காமல் விட்டால் அறிவு வளரும், நடை மாறாது.

ஞானஸ்நானத் திகதியை நீங்கள் குறிக்காதேங்கோ. சைவ வீட்டுப் பிள்ளைக்கு அது கலியாணவீடு, செத்தவீடு வரை தொடுகிற முடிவு. தாயோடு ஒரு தேத்தண்ணி குடித்துக் கதையுங்கோ. வீட்டுக்கு ஒளித்து வாறவன் நெடுநாள் தாங்கமாட்டான். வராத ரெண்டு பேரையும், பாடத்துக்குக் கூப்பிடாமல், சும்மா போய்ப் பாருங்கோ.