உப்புத் தண்ணீரை எந்தக் குழாயில் ஊற்றுவது?

(கடல்மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் தொழில் செய்யும் எங்கள் பினாங்கு கட்டுரையாளர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: பழைய வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். கணவர் 200 லிட்டர் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 லிட்டர் தண்ணீரை மாற்றுவார். மீன் தண்ணீர் செடிக்கு நல்லது என்று மாமியார் அதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றி வந்தார். இப்போது இலை நுனியெல்லாம் கருகிக் கொட்டுகிறது. இனி வீட்டின் முன்னால் உள்ள கால்வாயில் கொட்டலாமா?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கப்பியும் தங்கமீனும் வளரும் நன்னீர்த் தொட்டியாக இருந்தால் அவர் செய்தது மிகச் சரி. அந்தத் தண்ணீரில் உள்ள நைட்ரேட் செடிக்கு உரம். கடல் தொட்டியிலும் நைட்ரேட் உண்டு, கூடவே லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பும் உண்டு. 30 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. மண் ஈரமாக இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் செடி காய்கிறது.

செடி பூச்சட்டியில் இருந்தால், அடித்துளை வழியாகத் தாராளமாக வழியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள்; நாலைந்து முறை செய்தால் உப்பில் பெரும்பகுதி கழுவிக்கொண்டு போய்விடும். தரையில் நட்ட செடியென்றால் கொஞ்சம் ஜிப்சம் தூவி நீர் பாய்ச்சுங்கள். மிச்ச வேலையைப் பினாங்கு மழை பார்த்துக்கொள்ளும். தென்னைக்கு உப்பு போடுவார்களே என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். தென்னை தாங்கும்தான். ஆனால் அவர் குடியிருப்பது அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடியில்.

மாமியாருக்குச் செடிக்கு ஊற்றத் தண்ணீர் வேண்டுமென்றால், தொட்டிக்குச் சுத்த நீர் எடுக்கக் கணவர் வைத்திருக்கும் ஆர்.ஓ. வடிகட்டிக் கருவி ஒதுக்கித் தள்ளும் தண்ணீரைப் பிடித்துக் கொடுங்கள். அதில் கடல் உப்பு கிடையாது. ஒரு லிட்டர் சுத்த நீர் எடுக்க மூன்று நான்கு லிட்டர் வீணாகப் போகிறது. பலர் அதைப் போய் கழிவறையில் விட்டுவிட்டு உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள்.

இனி கால்வாய். வேண்டாம். வாசல் கால்வாய் மழைநீருக்காகக் கட்டியது. அதில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆயர் ஈத்தாம் ஆற்றுக்கும், அங்கிருந்து சுங்கை பினாங்குக்கும், பிறகு கடலுக்கும் போகும். கழிவறைதான் சரியான இடம். சுத்திகரிப்பு நிலையம் உப்பைப் பிரித்தெடுக்காது. ஆனால் ஊர்த் தண்ணீரோடு கலந்து உப்பு நீர்த்துப்போகும், அழுக்கும் கிருமியும் அங்கே மட்டுப்படும். தொட்டி நீரிலிருந்து அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியின் கோப்பையில் சேரும், மூக்கைப் பொத்த வைக்கும் அந்தக் கரும்பச்சைச் சாற்றுக்கும் கழிவறைதான்.

சமையலறை சிங்க்கில் ஊற்றலாமே என்பீர்கள். பழைய வீடுகளில் சிங்க் குழாய் நேரே வாசல் கால்வாயில்தான் திறக்கிறது. சோதித்துப் பாருங்கள்: ஒரு வாளித் தண்ணீரில் கேசரிக்குப் போடும் வண்ணத்தைக் கலந்து சிங்க்கில் ஊற்றிவிட்டு, வாசலில் போய் நில்லுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டு சிங்க் பாதாளச் சாக்கடையில் சேர்கிறது என்று அடித்துச் சொன்னார். பச்சை வண்ணம் ஊற்றினோம். சற்று நேரத்தில் முன்வாசல் கால்வாயின் பக்கச்சுவரில் இருந்த சின்னத் துளையிலிருந்து பச்சையாக ஒழுகியது. பால்கனித் தரையில் உள்ள துளையும் பெரும்பாலும் இதே ரகம்.

உங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் என்றால், 30 லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் இரண்டு மூன்று நாட்களுக்குப் பிரித்து ஊற்றுங்கள். திடீரென்று உப்பு ஏறினால் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும்.

கேள்வி: கடல் நீர்தானே ஐயா? பத்து பிரிங்கி கடலிலேயே ஊற்றிவிட்டால் என்ன?
— வாசகர், தஞ்சோங் தோக்கோங்

பதில்: உப்பைப் பொறுத்தவரை ஒன்றும் ஆகாது. என் கவலை அதில் மிதந்து வருபவற்றைப் பற்றி. 1984இல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அடியில், கடலில், ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கௌலர்பா என்ற பாசி தென்பட்டது. மீன்தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் வகை அது. பின்னர் மத்தியதரைக் கடலில் பல நாடுகளின் கரைகளுக்குப் பரவியது. 2000இல் அதே பாசி கலிபோர்னியாவில் ஒரு காயலில் முளைத்தபோது, மேலே தார்ப்பாய் போர்த்தி உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது. அந்த இனம் நம் பக்கத்து வெப்பக் கடல்களில் இயல்பாக வாழ்வதுதான், உண்மை. ஆனால் உங்கள் தொட்டியில் இருப்பவை எந்தெந்தக் கடலிலிருந்து வந்தவை என்று கடைக்காரருக்கே சரியாகத் தெரியாது. அவற்றின் நோய்க்கிருமிகளும் அப்படித்தான். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருந்தால் இன்னும் மோசம். மீன் தாங்கும் அளவுச் செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

நோய் கண்ட தொட்டி என்றால், 30 லிட்டருக்கு அரைக் கோப்பை சாதாரண பிளீச் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு வைத்துவிட்டுக் கழிவறையில் கொட்டுங்கள். செப்டிக் டேங்க் வீட்டில் பிளீச் வாடை போகும்வரை இன்னும் ஓரிரு நாள் விட்டு வையுங்கள். பம்ப் கழுவிய வினிகரை அந்த வாளியில் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். களைந்தெடுத்த பாசியைப் பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு முழு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். வீட்டம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தொட்டியை மூடப் போகிறேன். பாறைகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து விற்கலாமா?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கொதிக்க வைக்கவே கூடாது. பாறையில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் எனும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. நீராவியோடு அது வெளியேறி, வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சூடான நீரும் வேண்டாம், உலர்ந்த பாறையைச் சுரண்டவும் வேண்டாம். கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அணிந்து, ஈரமாகவே எடுத்து, கடல் தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். விலை குறைவாகத்தான் கிடைக்கும்.