மெட்டீரியல்ஸ் சயின்ஸ் படிக்க வீட்டுப் பத்திரம் எதற்கு?

கேள்வி: என் மகள் வேலூரில் பி.இ. மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறாள். மேற்கொண்டு மெட்டீரியல்ஸ் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். காட்பாடி சாலையில் உள்ள ஓர் ஏஜென்சியில், "கேட் தேர்வெல்லாம் வேண்டாம், ஜெர்மனியில் சீட் உறுதி" என்கிறார்கள். சேவைக் கட்டணம் 75,000 ரூபாய். முன்பணமாக 10,000 கொடுத்துவிட்டோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது கடனுக்காக வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். என் கணவர் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பத்திரத்தைக் கொடுக்கலாமா? மெக்கானிக்கல் படித்தவளால் இந்தப் படிப்பைப் படிக்க முடியுமா?
— ஒரு தாய், வாலாஜாபேட்டை

பதில்: பத்திரத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. மீதிப் பணத்தையும் கட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் மகளின் தகுதி. மெட்டீரியல்ஸ் சயின்ஸ் என்பது உலோகம் போன்ற பொருள்களின் உள்ளமைப்பையும் குணங்களையும் ஆராயும் படிப்பு. மெக்கானிக்கல் படித்தவர்கள் இந்தத் துறைக்கு வருவது நெடுநாள் வழக்கம். இரண்டாம் ஆண்டிலேயே உலோகவியல் பாடம் ஒன்றைப் படித்திருப்பாள். அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, கார்பன் அளவும் வெப்பமும் மாறும்போது எஃகின் உள்ளமைப்பு எப்படி மாறும் என்று காட்டும் இரும்பு-கார்பன் வரைபடத்தைப் புத்தகம் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். சுமார் 0.8 சதவீதம் கார்பன் உள்ள எஃகை நன்றாகச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டால் 727 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் உள்ளமைப்பு ஏன் மாறுகிறது, அதையே திடீரென்று தண்ணீரில் முக்கினால் ஏன் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். ஆர்வத்தோடு சொன்னால் அவள் வரவேண்டிய துறை இதுதான். திணறினால் ஒரு மாதம் படிக்கட்டும், பிறகு மறுபடி கேளுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. ராணிப்பேட்டை பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) ஆலையில் அனல்மின் நிலையங்களுக்கான பெரிய காற்று விசிறிகளும் சாம்பலைப் பிடிக்கும் கருவிகளும் செய்கிறார்கள். நிலக்கரிச் சாம்பல் மணல்போல் உரசி அந்த இரும்பைத் தின்றுவிடும். எந்த உலோகத்தைப் பூசினால் அது தாங்கும் என்று கண்டுபிடிப்பது மெட்டீரியல்ஸ் பொறியாளரின் வேலை. உங்கள் கணவர் தினமும் பார்க்கும் குரோமியம் கலந்த கழிவுநீரை வடிகட்டும் சவ்வுகளும் இதே துறையில்தான் உருவாகின்றன.

இனிப் பணத்துக்கு வருகிறேன். ஏஜென்சி உங்களுக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான்: இந்தத் துறையில் முறையாக மேற்படிப்பு படிப்பவருக்குப் படிக்கும் காலத்திலேயே பணம் கிடைக்கும். பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் தகுதி பெற்று ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதன் பிறகு 42,000. சென்னை ஐ.ஐ.டி.யிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் இதற்கென்றே உலோகவியல், மெட்டீரியல்ஸ் பொறியியல் துறைகள் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரே பகலில் போய்ச் சேரும் ஊர்கள். இவற்றில் ஒன்றில் உங்கள் மகள் சேர்ந்தால் ஏஜென்சிக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. "கேட் வேண்டாம்" என்று அவர்கள் சொல்வது அதனால்தான்.

கேட் தேர்வுக்கு விண்ணப்பிப்பது வழக்கமாக ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். மெக்கானிக்கல் தாளையே எழுதலாம், மெட்டீரியல்ஸ் துறைகள் பலவும் அதை ஏற்கின்றன. அல்லது எக்ஸ்.இ. எனப்படும் பொறியியல் அறிவியல் தாளில் கட்டாயக் கணிதத்தோடு மெட்டீரியல்ஸ் சயின்ஸ், திடப்பொருள் இயக்கவியல் என்ற இரு பகுதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த ஆண்டு விண்ணப்ப நாள் கடந்திருந்தால் அடுத்த ஆண்டு எழுதட்டும். ஓராண்டு தாமதத்தால் எந்த வாழ்க்கையும் கெட்டுவிடாது.

சேர்க்கை முறையைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. தேர்வு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். இடத்தை ஏற்றுக்கொள்ள சி.ஓ.ஏ.பி. என்று ஒரு தளம். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்று இன்னொரு தளம். எதிலாவது ஒரு கடைசி நாளைத் தவறவிட்டால் கேட்பாரில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர சீனியர்கள் இருக்கிறார்கள். வட ஆற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? விலைவாசி எங்கேயோ போய்விட்ட பிறகும் அந்த 12,400 பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. இந்தக் குழப்பம்தான் ஏஜென்சிக்காரர்களுக்கு முதலீடு. அரசு ஒரே விண்ணப்பம் என்று ஆக்கிவிட்டால் காட்பாடி சாலையில் பாதிக் கடைகள் மூட வேண்டியிருக்கும்.

ஜெர்மனி மோசம் என்று நான் சொல்லவில்லை. மெட்டீரியல்ஸ் படிப்பில் அவர்கள் முன்னோடிகள். ஃபிரைபெர்க் சுரங்கக் கல்லூரி 1765-லேயே தொடங்கியது. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, அரையாண்டுக்குச் சில நூறு யூரோ மட்டும் செலுத்த வேண்டும். ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, உல்ம், ஃபிரைபுர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் வருகின்றன. நான்கு அரையாண்டுக்கு 6,000 யூரோ ஆகும். அங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேருபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தில், பவேரியாவில் இருக்கிறது. அதுவும் அரசுப் பல்கலைக்கழகம்தான். ஆனாலும் 2024 இறுதியிலிருந்து முதுகலைக்கு அரையாண்டுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம், அரசா தனியாரா என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

ஏஜென்சி "உறுதி" என்று சொல்லும் சீட் அநேகமாகத் தனியார் பல்கலைக்கழகத்தில் இருக்கும். அரசுப் பல்கலைக்கழகத்தில் யாராலும் சீட்டை உறுதி சொல்ல முடியாது. உங்கள் மகள் படித்த ஒவ்வொரு பாடத்தையும் எடைபோட்டு, வேதியியலும் உலோகவியலும் போதாது என்றால் நிராகரித்துவிடுவார்கள். தனியாரில் பாடத்தின் பெயர் "இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட்" என்று இருக்கும், "அங்கே போய் மெட்டீரியல்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்" என்பார்கள். மாற முடியாது. ஒரே கேள்வி கேளுங்கள்: அந்தக் கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தாங்களே இயக்க விடுவார்களா? உலைகளும் நுண்ணோக்கியும் இல்லாத இடத்தில் இந்தப் படிப்பைப் படிக்கவே முடியாது.

இன்னொரு பொறி, முடக்கக் கணக்கு. விசாவுக்காக ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை மாணவர் பெயரில் போட்டுவைக்க வேண்டும். அது கட்டணம் இல்லை, அவளுடைய சொந்தப் பணம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவளுக்கே திரும்பி வரும். இதை "டெபாசிட்" என்று சொல்லி, வட்டிக்குப் பணம் தருபவரையும் ஏஜென்சியே அழைத்து வரும். உங்கள் பத்திரத்தைக் கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயமாகிவிட்ட, கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழையும் மகள் தானே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம்.

உண்மையிலேயே கடன் தேவைப்பட்டால் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியாக வங்கிக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். கல்விக் கடனில் 7.5 லட்சம் ரூபாய் வரை அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. மேலாளர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அசல் சான்றிதழ்களை நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்துக்கு எந்த ஏஜென்சிக்கும் அசல் தேவையில்லை, ஸ்கேன் செய்த நகல் போதும். தனியாகப் போகாமல் கணவரையும் விவரம் தெரிந்த ஒருவரையும் அழைத்துப் போங்கள். "மீதிப் பணம் கட்டினால்தான் அசல்" என்றால் வாக்குவாதம் வேண்டாம். அவர்கள் வாங்கிக்கொண்ட தேதி, 10,000 ரூபாய் ரசீது, கையெழுத்து போட்டிருந்தால் ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றோடு அந்தப் பகுதி காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்குங்கள். 10,000 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்புங்கள். பணம் வராமலே போனாலும் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் போதும், மகள் கேட் விண்ணப்பத்தைத் தொடங்கலாம்.